ஏழாம் எண் மின்கலம்

அத்தியாயம் 14

ஒரு கையெழுத்தின்மேல் எத்தனை பேர் நிற்க முடியும்? போன வெள்ளிக்கிழமை மலர்க்கொடி இட்ட கையெழுத்தின்மேல் நூற்றெண்பத்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

‘1964ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பன்னிரண்டு மின்கலங்களும், அவற்றுள் ஒன்றுகூட மாற்றப்படாமல், இன்றுவரை இயங்கி வருகின்றன என உறுதியளிக்கிறோம்.’

இந்த ஒற்றை வாக்கியத்தின் கீழே முதலாளி நாகேஸ்வரன் முதலில் ஒப்பமிட்டார். அடுத்து, ஆலைப் பொறுப்பாளர் என்ற இடத்தில் மலர்க்கொடி. அது பொய்யாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையில் உள்ள எந்தத் தேநீர்க் கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நாகேஸ்வரனின் தந்தை பஞ்சநதத்தின் நிலத்தில் கூலியாக இருந்தவரின் பேத்தி அவள். அதே பஞ்சநதம் தொடங்கிய தொழிற்சாலையில் ஈயம் பற்றவைத்த மருதையனின் மகள். பிறந்த நாளிலிருந்து கேட்ட கதையைத்தான் அவள் கையெழுத்தாக்கினாள்.

இன்று அந்த வாக்கியத்துக்குப் பரீட்சை.

அந்தத் தொழிற்சாலையான ஐயாறு நிறுவனத்தை விலைக்குக் கேட்டிருக்கும் வெளியூர்ப் பெருநிறுவனம் ஒரு நிபந்தனை விதித்திருந்தது. காலை ஆறு மணிக்கு அந்தப் பன்னிரண்டு மின்கலங்களையும் மின்னேற்றியிலிருந்து பிரித்துச் சுமையேற்ற வேண்டும். பத்து மணி நேரம் தாக்குப்பிடித்தால் ஈயப் பிரிவு தொடரும், ஆள்களும் தொடர்வார்கள். சூரிய மின்நிலையங்களுக்கு அதே போன்ற ஆயிரம் மின்கலங்களுக்கான வேலையும் வரும். ஏதேனும் ஒன்று 1.85 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும், அவர்களுக்கு வேண்டியது நிலம் மட்டுமே. கொட்டகையை இடித்துவிட்டு லித்தியம் கிடங்கு கட்டிக்கொள்வார்கள்.

மின்கலங்கள் இருந்த அறைக்குத் தொழிலாளர்கள் இட்ட பெயர் ‘மூலவர் அறை’. கோயில் மூலவரை எட்ட நின்று பார்த்த ஒரு தலைமுறை, தானே தொட்டுத் துடைக்கத் தனக்கென்று ஒரு மூலவரை வைத்துக்கொண்டது. தேக்குப் பலகைமேல் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு பெட்டிகள். தலை முதல் அடி வரை அமிலம் தாங்கும் கறுப்புப் பூச்சு. அவற்றிலிருந்து புறப்படும் இரண்டு கம்பிகள் வாயில் வளைவில் ஒரு விளக்கை எரிய வைத்தன.

அந்த விளக்கு பார்த்ததை எந்த வரலாற்று நூல் எழுதியிருக்கிறது? ஒரு டன் ஈயம் வாங்குவதற்குப் பெரிய முதலாளி பஞ்சநதம் ஏழு முறை டில்லிக்கு ரயிலேறிய காலத்தையும், அங்கே உட்கார்ந்திருந்த எழுத்தர்கள் ஏழு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டுத் திருப்பி அனுப்பிய அநியாயத்தையும் அது பார்த்தது. போர்க்கால இருட்டடிப்பில் அதன்மேல் மண்பானையைக் கவிழ்த்தார்கள், அணைக்கவில்லை. அதன் கீழே ‘ஐயாறு அக்யுமுலேட்டர் ஒர்க்ஸ்’ என்று பிறந்த பலகை, மாநிலத்தில் ஆட்சி மாறியதும் ‘ஐயாறு மின்கலத் தொழிலகம்’ ஆயிற்று. நெருக்கடி நிலையில் அதே சுவரில் இருபது அம்சத் திட்டத்தை எழுதச் சொன்னார்கள்; அடுத்த தேர்தல் முடிந்ததும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்கள். சந்தையைத் திறந்துவிட்ட பிறகு ‘ஐயாறு பேட்டரீஸ் பிரைவேட் லிமிடெட்’. இப்போது வெறும் ‘ஐயாறு பவர்’. பலகையை மாற்றியவர்கள் எத்தனையோ பேர். விளக்கின் கம்பியைத் தொட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

“சார்ஜரைக் கழட்டலாமா, சார்?”

கேட்டவள் ஹாஃபிஸா. வாங்க வந்திருக்கும் நிறுவனத்தின் சோதனைப் பொறியாளர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். காலை ஐந்தரைக்கே வந்து, பன்னிரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனியே அளவுக் கம்பி மாட்டி முடித்திருந்தாள்.

நாகேஸ்வரன் சலவை வேட்டியில் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது. “கழட்டுங்கோ. மின்வாரியம் கழட்டாத நாளா? நீங்களும் ஒருதரம் கழட்டிப் பாருங்கோ” என்றார். சிரிக்க முயன்றார், உதடு மட்டும் ஒத்துழைத்தது.

மணி ஆறு. சுமை ஏறியது. வாயில் விளக்கு கண் சிமிட்டாமல் எரிந்தது.

மலர்க்கொடியின் தம்பி பரிதி கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனும் ஈயப் பிரிவுதான், தொழிற்சங்கச் செயலாளர். ஹாஃபிஸா ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு அக்காவின் காதருகே முணுமுணுத்தான்.

“சந்தையில மாட்டுப் பல்லைப் புடிச்சுப் பாக்குற மாதிரியே பாக்குது.”

“அதுக்குத்தான் அவங்களுக்குச் சம்பளம். வாயை மூடிட்டு நில்லு.”

ஹாஃபிஸாவின் காதில் அது விழுந்துவிட்டது. நிமிராமலே சொன்னாள்: “எங்க வாப்பா மாடு வாங்கறப்ப பல்லை மட்டும் பார்க்க மாட்டாங்க. நாலு நடை நடக்கவிட்டும் பார்ப்பாங்க. இப்ப நடக்க விட்டிருக்கேன்.”

“உங்களுக்கு எந்த ஊருங்க?”

“அதிராம்பட்டினம்.”

“அடடே, நம்ம பக்கம்தானா? அப்ப கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்றான் பரிதி.

“மீட்டர் சென்னையில வாங்கினதுங்க. அதுக்கு ஊர்ப் பாசம் கிடையாது.”

பரிதி சிரித்துவிட்டான். அறையில் இருந்த இறுக்கம் சற்றே தளர்ந்தது.

எட்டு மணி, பத்து மணி. எண்கள் மெல்ல இறங்கின. சீராக, ஒன்றோடொன்று தோள் உரசியபடி இறங்கின. சென்னையிலிருந்து நாகேஸ்வரனின் மகன் ஹரிசங்கர் அரை மணிக்கொரு முறை கைப்பேசியில் ‘என்ன நிலவரம்?’ என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். விற்றே தீர வேண்டும் என்பதில் அவனைப்போல் உறுதியானவர் அக்குடும்பத்தில் வேறு ஒருவரும் இல்லை.

நண்பகலில் ஹாஃபிஸாவின் புருவம் சுருங்கியது.

“மேடம், மத்ததெல்லாம் 1.96. ஏழாம் நம்பர் மட்டும் 1.91. முனையில ஏதாவது பிடிச்சிருக்கலாம். இந்தக் கறுப்புப் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கட்டுமா?”

“சுரண்டக் கூடாது!”

கத்தியவன் பரிதி. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். “இல்ல... அது முறை கிடையாதுங்க. இத்தனை வருஷமா யாரும் சுரண்டினதில்ல.”

மலர்க்கொடி தம்பியின் கழுத்தைப் பார்த்தாள். சிறுவயதில் பொய் சொல்லும்போது புடைத்துக்கொள்ளும் அதே நரம்பு இப்போதும் புடைத்திருந்தது. என்னவென்று கேட்பதற்குள் காவலாளி வந்து நின்றார். “அப்பா வந்திருக்காருங்க. உள்ள வர மாட்டேங்குறாரு. சைக்கிள் ஷெட்டுல நிக்கிறாரு.”

மருதையனுக்கு எழுபத்தேழு வயது. ஓய்வு பெற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஈயப் புகையில் முப்பத்தேழு ஆண்டுகள் கழித்ததற்கு அரசாங்கமும் நிறுவனமும் சேர்ந்து அவருக்கு அளித்த பரிசு, நிற்காமல் நடுங்கும் இரண்டு கைகள். முகமூடி என்ற ஒன்று அந்தத் தொழிற்சாலைக்குள் வந்ததே அவருடைய கடைசி ஐந்தாண்டுகளில்தான். பேருந்திலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தவர், மகளைக் கண்டதும் நலம்கூட விசாரிக்கவில்லை.

“ஏழாம் நம்பரு எப்படி இருக்கு?”

“ஏழுன்னு உங்களுக்கு யார்ப்பா சொன்னா? பரிதி போன் பண்ணுனானா?”

“யாரும் சொல்லல. மொதல்ல தள்ளாடுனா அதுதான் தள்ளாடும். நாங்க தொடாதது அது ஒண்ணுதான்.”

“தொடாததுன்னா?”

மருதையன் சுற்றிலும் பார்த்தார். “மத்த பதினொண்ணையும் மாத்தியாச்சு, மலரு.”

அவள் அருகில் நின்ற ஒரு வண்டியின் இருக்கையைப் பற்றிக்கொண்டாள். ‘ஒன்றுகூட மாற்றப்படாமல்.’ தட்டச்சு எழுத்துகள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்து நின்றன.

“எப்போ?”

“ஒரே நாள்லயா மாத்துவாங்க? மொதல்ல ஒண்ணு எழுபத்தொண்ணுல போச்சு. பெரியவரு உசுரோட இருந்த காலம். தெனமும் காலையில அந்த அறையில வந்து கும்பிட்டுட்டுத்தான் ஆபீசுக்குப் போவாரு. அவருகிட்டப் போயி, உங்க செல்லு செத்துப் போச்சுங்கன்னு யாரு சொல்றது? மனசு ஒடிஞ்சிருவாரு. அதான் நானே ஒண்ணு ஊத்தி வெச்சேன். மேல கறுப்பை அடிச்சாச்சு. பொறவு ஒண்ணு ஒண்ணாப் போவப் போவ, ஈயப் பிரிவுல யாரு கையி சுத்தமோ அவங்க ஊத்துவாங்க. வேலை நேரத்துல இல்ல. சாப்பாட்டு நேரத்துல. எந்த முதலாளிக்கும் தெரியாது.”

மலர்க்கொடி பொறியியல் படித்தவள். மின்கலம் பற்றிய முதல் பாடத்திலேயே சொல்லித் தரும் விதி ஒன்று உண்டு. பழைய கலத்தையும் புதிய கலத்தையும் ஒரே வரிசையில் பூட்டக் கூடாது. பூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும்; ஓரிரு ஆண்டுகளில் வரிசையே படுத்துவிடும்.

“அது எப்படிப்பா ஓடும்? புதுசையும் பழசையும் சேர்த்து வெச்சா எல்லாமே போயிருமே!”

“அப்படியே கொண்டுபோயி வெச்சா போவும்தான். புது மாட்டை எடுத்த எடுப்புலயா ஏருல பூட்டுவோம்? பழைய மாட்டோட ஒரு போகம் சும்மா நடத்திப் பழக்குவோம்ல. அது மாதிரிதான் இதும். ஒரு சம்பா முழுக்கப் பக்கத்துல வெச்சிருப்போம். இது எறங்குனா அதும் எறங்கணும். இது ஏறுனா அதும் ஏறணும். ஆசிட்டக் கூட்டி, கொறச்சு, நட ஒத்து வந்த பொறவுதான் நுகத்தடியில பூட்டுறது.” அவர் நடுங்கும் இரு கைகளையும் இணையாக நீட்டிக் காட்டினார். “அறுப்பு முடியிறப்பதான் செல்லு உள்ள போவும். அவசரப்பட்டதே இல்ல.”



காலையிலிருந்து அவள் பார்த்த எண்கள் நினைவில் ஓடின. வெவ்வேறு பத்தாண்டுகளில், வெவ்வேறு கைகள் வார்த்த கலங்கள் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை ஒரே நடையில் நடந்தன. 1.96, 1.96, 1.97, 1.96. அவள் படித்த எந்தப் புத்தகமும் இதைச் சாத்தியம் என்று சொல்லவில்லை. ஏர் ஓட்டிப் பழகியவர்கள், ஏர் ஓட்டிய அறிவைக் கொண்டே அதைச் செய்து முடித்து, கறுப்புப் பூச்சை அடித்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ப்பா.”

“தெரியும். பரிதி ராத்திரி வந்து சொன்னான். அதான் ஓடியாந்தேன். யாரும் பெயின்ட்டைச் சொரண்டலேன்னா நாலு மணிக்குத் தாண்டிரும். நீ பேசாம இரு. இதத்தான் சொல்ல வந்தேன்.”

பேசாமல் இருக்கலாம். இன்னும் மூன்றரை மணி நேரம். நூற்றெண்பத்தாறு வீடுகளில் உலை கொதிக்கும். மலர்க்கொடி தொழிற்சாலைக் கொட்டகையைப் பார்த்தாள்; வாயில் விளக்கைப் பார்த்தாள்.

“அவங்க எதை வாங்க வந்திருக்காங்க, தெரியுமாப்பா? அறுபது வருஷம் சாகாத செல்லை. அப்படி ஒண்ணு நம்மகிட்ட இல்லவே இல்ல. நாளைக்கு அது மாதிரி ஆயிரம் செஞ்சு கொடுன்னா எதைச் செஞ்சு கொடுக்கறது? நம்மகிட்ட இருக்கிறது வேற. நீங்க செஞ்சது வேற.”

“மலரு, ஊர் வாயில விழாதம்மா.”

“உள்ள வாங்க.”

“நான் எதுக்கு உள்ள?”

“முதல் செல்லு உங்களோடதுன்னு இப்பத்தானே சொன்னீங்க? வாங்க.”

மூலவர் அறைக்குள் மருதையன் நுழைந்ததும் நாகேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். “வா, மருதையா. பரீட்சை பார்க்க வந்தியா?”

“ஆமாங்க முதலாளி.”

தன்னைவிட இரண்டு வயது மூத்தவரை ‘வா’ என்று அழைக்கும் அந்தக் குரல் மலர்க்கொடியைக் குத்தாத நாளில்லை. இன்று அதை நினைக்க நேரமில்லை. சுவரில் தொங்கிய கம்பித் தூரிகையை எடுத்தாள்.

“அக்கா!” என்றான் பரிதி.

“என்னம்மா பண்றே?” என்றார் நாகேஸ்வரன்.

“என் கையெழுத்தைச் சரி பார்க்கறேன், சார்.”

தந்தை கண்ணால் காட்டிய மூன்றாம் எண் பெட்டியின் தலையில், இரண்டு தகடுகளை இணைக்கும் ஈயப் பட்டையின்மேல் மெல்லத் தேய்த்தாள். கறுப்பு உதிர்ந்தது. அடியிலிருந்த ஈயம் வெள்ளியாய் மின்னியது. அதில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

ம 71.

ஐயாறில் ஒரு விதி உண்டு. ஈயம் பற்றவைப்பவர் ஒவ்வொருவரும், ஈயம் ஆறுவதற்கு முன், தம் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் இரும்பு அச்சால் குத்த வேண்டும். பழுதாகித் திரும்பி வரும் மின்கலத்துக்கு யார் பொறுப்பு என்று தெரிய வேண்டுமே! அந்த விதி கை விரல்களில் அப்படி ஊறிப்போயிருந்தது.

மலர்க்கொடி நிமிர்ந்து, தந்தை சொன்ன அனைத்தையும் ஹாஃபிஸாவிடம் சொன்னாள். ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. ஹாஃபிஸா முதலில் நம்பவில்லை. தானே தூரிகையை வாங்கி அடுத்த பெட்டியைத் தேய்த்தாள். அதிலும் ஓர் எழுத்து. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள்.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னு திருட்டுத்தனமா மாத்திட்டு, பேரையும் வருஷத்தையும் குத்திட்டா போவாங்க?”

“அச்சு குத்தாம எப்படிங்க வுடுறது?” என்றார் மருதையன், உண்மையாகவே குழம்பி. “குத்தலேன்னா அது முடிஞ்ச வேலை ஆவாதே.”

அதன் பிறகு அந்த அறையில் தூரிகையின் ஓசை மட்டும் கேட்டது. ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் வெள்ளியாய் ஒரு சிறு சதுரம் திறந்தது.

ஐந்தாம் எண்ணில் ‘சை 76’ என்றிருந்தது. மருதையன் அதை விரலால் தடவினார். “சைபுல்லா. நெருக்கடி நெலையில சங்கத்துக்காரன்னு புடிச்சிட்டுப் போயிட்டாங்க. பாதி வேலையில கெடந்துச்சு. மீதியை நான்தான் முடிச்சேன்.”

“அப்ப உங்க எழுத்தைத்தானே குத்தியிருக்கணும்?” என்றாள் ஹாஃபிஸா.

“அவரு செல்லுங்க அது. அவரு உள்ள இருந்தாருன்னா, செல்லு என்னுதாயிருமா? அவரு அச்சைத் தேடி எடுத்துக் குத்துனேன். வெளிய வந்த பொறவு, கையால தடவிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல மனுசன்.”

தொண்ணூற்றிரண்டில் ஒன்று, வெளிநாட்டு மின்கலம் பாதி விலைக்கு வந்து குவிய, ஐயாறு கதவடைத்திருந்த மூன்று மாதத்தில் பின்வாசல் வழியாக வந்து வார்த்தது. வேறு இரண்டின் எழுத்தை மருதையனாலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஒன்பதாம் எண்ணைத் தேய்த்தபோது மலர்க்கொடியின் கை நின்றது.

ப 12.

நாளுக்குப் பதினான்கு மணி நேரம் மின்சாரம் நின்ற ஆண்டு அது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்க, ஐயாறில் மூன்று ஷிப்டும் ஓடியது. அந்த ஆண்டுதான் மலர்க்கொடி துணைப் பொறியாளராக இந்த அறைக்கு நேர் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

“நீயாடா?”

பரிதி தரையைப் பார்த்தான். “கஜா புயல்ல எட்டு நாள் கரண்ட் இல்லாதப்ப, டிராக்டர் டைனமோவைக் கட்டி இதுக்கு உசுரு குடுத்ததும் நான்தான்.”

“எதுத்தாப்புலதானே உட்கார்ந்திருந்தேன்! எனக்கு மட்டும் ஏன்டா சொல்லல?”

“நீ ஆபீசுக்குப் போயிட்டே, அக்கா.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது. அப்பாவும் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. அவள் படித்து ஏறிய ஒவ்வொரு படியும் இந்த அறையிலிருந்து அவளை ஓரடி வெளியே தள்ளியிருந்தது.

மணி மூன்றரை. பதினொரு சதுரங்கள் திறந்துவிட்டன. எஞ்சியது ஏழு. மீட்டரில் அது 1.87.

“இது பெரியவரோட அசலுங்க. அறுபத்திநாலு” என்றார் மருதையன் பணிவோடு. “இத மட்டும் நாங்க யாரும் தொடல.”

“தேய்க்க வேண்டாம்” என்றார் நாகேஸ்வரன்.

காலையிலிருந்து அவர் எழுந்தது அப்போதுதான். குரல் உயரவில்லை. ஆனால் முகத்தில் வெளுப்பு ஏறியிருந்தது. மலர்க்கொடி அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து தேய்த்தாள்.

அச்சு எழுத்து இல்லை. ஆணியால் கீறிய கையெழுத்து, ஈயத்தில் நெளிந்து நெளிந்து ஓடியது.

பஞ்சநதம் 67.

வெளியே வாயிலில் ஒரு லாரி ஒலியெழுப்பிவிட்டுப் போயிற்று.

“அறுபத்தேழா?” என்றார் மருதையன்.

நாகேஸ்வரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினார். “மூணே வருஷத்துல போயிடுத்து. அப்பதான் ஆட்சி மாறியிருந்தது. ‘புதுசா வந்தவா பழைய லைசென்ஸையெல்லாம் தோண்டுவா. செல் நிக்கலேன்னு தெரிஞ்சா கதை முடிஞ்சது’ன்னார் அப்பா. ஞாயித்துக்கிழமை, தொழிலாளி யாரும் இல்லாதப்போ, அவரே ஊத்தினார். ஈயக் கரண்டியைப் பிடிச்சுண்டவன் நான். எனக்குப் பதினேழு வயசு. கை சுட்டுண்டுது.” வலக்கையைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரலின் கீழே பழுப்பாக ஒரு தழும்பு. “தொழிலாளிக்குத் தெரியப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டார்.”

மருதையன் அந்தத் தழும்பைப் பார்த்தார். ஆணிக் கீறலைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து மலர்க்கொடி பதறினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தெனமும் வந்து கும்புட்டாரே, பெரியவரு! பயத்துலயா கும்புட்டாரு? நாங்க சாமின்னுல்ல நெனச்சோம்!”

பரிதி திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டான். நாகேஸ்வரனுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்து, வந்த வழியே போய்விட்டது.

மலர்க்கொடி சிரிக்கவில்லை.

“தெரிஞ்சேதான் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீங்களா, சார்?”

“ஒண்ணுதான்னு நினைச்சேன்ம்மா.” அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. “பன்னெண்டுல ஒண்ணே ஒண்ணுதான் பொய்னு நினைச்சேன்.”

மூன்று ஐம்பது. 1.86. அதன் பிறகு ஹாஃபிஸா மீட்டரைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், நிலத்தை விற்று ஆலை வைத்த ஒருவர் அச்சத்தில் வார்த்த கலம், அவருடைய கூலியாளின் மகனும் பேரனும் மற்றத் தொழிலாளர்களும் வார்த்த பதினொரு கலங்களுக்கு நடுவே நின்று சுமை இழுத்தது. இரண்டு பக்கமும் இருந்தவை அதைத் தாங்கிப் பிடித்திருப்பதாகவே மலர்க்கொடிக்குத் தோன்றியது. இயற்பியல் அப்படிச் சொல்லாது என்பது அவளுக்குத் தெரியும். 

நான்கு மணி.

“1.86. நிக்குது” என்றாள் ஹாஃபிஸா. “முப்பது வருஷத்துக்கு மேல நிக்கும்னு எங்க புத்தகத்துல யாரும் எழுதலீங்க. பழசும் புதுசும் சேர்ந்து நிக்கும்னு எழுதவே இல்ல.” மின்னேற்றியைத் திரும்ப இணைத்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெள்ளிக்கிழமைத் தாள்.

“அஞ்சு மணிக்குள்ள என் அறிக்கை போகணும். இந்த உறுதிமொழியோட போனா, சோதனை தேறியாச்சு, நாளைக்கே ஒப்பந்தம். ஆனா நான் பார்த்ததை நான் எழுதித்தான் ஆகணும். அப்ப இது பொய்யாயிடும். திருத்திக் கொடுத்தீங்கன்னா இணைச்சு அனுப்பறேன். மேலிடம் என்ன சொல்லும்னு எனக்கே தெரியாதுங்க. சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆயிரத்துக்குப் பதிலா பத்தாயிரம் கேட்கவும் செய்யலாம். ஆனா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்.”

“அக்கா, யோசிச்சு செய்யி” என்றான் பரிதி. “நூத்தியெம்பத்தாறு பேரு.”

“அவங்களை யோசிச்சுத்தான்டா.”

மலர்க்கொடி அந்த வாக்கியத்தை ஒரு கோட்டால் அடித்தாள். அதன் கீழே நின்று நிதானமாக எழுதினாள். ‘இவை பன்னிரண்டும் மாற்றப்பட்டவை. மாற்றியவர்களின் பெயரும் ஆண்டும் ஒவ்வொன்றின்மேலும் உள்ளன. 1964 முதல் இந்த வரிசை ஒரு நாளும் நின்றதில்லை.’ ஒப்பமிட்டாள். வெள்ளிக்கிழமைக் கையெழுத்தைவிட இது சற்றுப் பெரிதாக விழுந்தது.

பேனாவை மூடி நாகேஸ்வரனிடம் நீட்டினாள்.

சட்டைப் பையில் அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. ஹரிசங்கர். அதிர்ந்து, நின்று, மீண்டும் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். தந்தைக்குச் செய்துகொடுத்த ஐம்பத்தெட்டு ஆண்டுச் சத்தியம் அந்த மூன்று வரிகளுக்குக் கீழே காத்துக்கொண்டிருந்தது.

“உட்காருங்க முதலாளி” என்றார் மருதையன்.

“நீங்களும் உட்காருங்கோ, மருதையன்” என்றார் நாகேஸ்வரன்.

இருவருமே உட்காரவில்லை.

மணி நான்கு இருபது. நாகேஸ்வரனின் இடக்கை ஏழாம் எண் மின்கலத்தின்மேல், தந்தையின் ஆணிக் கீறலை மூடியபடி இருந்தது. வலக்கையில் பேனா இருந்தது. அதன் மூடியை அவர் இன்னும் திறக்கவில்லை.